படத்தில் இருந்த அம்மா

ஓவியக்கூடத்துக்கு வருகிற சின்னப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் படம் மிஸ். பெரியவர்களுக்குச் சுற்றிக் காட்ட வேறு ஆட்கள் இருந்தார்கள். எந்த ஆண்டு வரைந்தது, என்ன பாணி, ஓவியருக்கு எத்தனை மனைவி என்று அவர்கள் பொரிந்து தள்ளுவார்கள். படம் மிஸ் அந்த வம்புக்கே போக மாட்டாள். பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து, "என்ன தெரியுது?" என்று கேட்பாள். யாராவது எதையாவது சொன்னால், "எதனால அப்படித் தோணுது?" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய வித்தை. சரி என்றோ தப்பு என்றோ மட்டும் அவள் வாயிலிருந்து வராது. ஒரு பிள்ளை சூரியனைக் காட்டி முட்டை என்று சொன்னால்கூட, "ஓ, எதனால?" என்றுதான் கேட்பாள்.

இதில் அவளுக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு. ஊரில் எல்லோரும் பிள்ளைகளின் வாயை அடைக்கிறார்கள், திறந்துவிடுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைப்பு. இருக்கட்டுமே, வேலையை நன்றாகச் செய்கிறவளுக்கு அந்த அளவுகூட இல்லாமல் எப்படி?

அன்றைக்கு மகளின் பள்ளியில் குழாய் உடைந்து வகுப்பெல்லாம் தண்ணீர். திடீர் விடுமுறை. கணவன் லாரியோடு வெளியூரில். வேறு வழியில்லாமல் ஐந்து வயது மகளையும் இழுத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். வாயில் காரம் ஜாஸ்தி என்பதால் பிள்ளைக்கு வீட்டில் மிளகு என்று பெயர்.

"இங்க பாரு மிளகு, உள்ள நான் அம்மா இல்ல, மிஸ். மத்த பிள்ளைங்களோட சமத்தா உக்காரணும், என்ன?"

"சரிங்க மிஸ்," என்று மிளகு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

அன்று ஒரு மழலைப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். மிளகும் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எதிரே படம். ஒரு அறை, சன்னலில் காலை வெயில். முக்காலியில் ஒரு சிறுமி. பின்னால் நின்று அவள் அம்மா தலை வாருகிறாள். குனிந்திருப்பதால் அம்மாவின் முகம் பாதிதான் தெரியும்.

படம் மிஸ்ஸுக்கு அந்தக் கட்டடத்திலேயே உயிர் இந்தப் படம்தான். மதியம் சாப்பிட்டுவிட்டு, கை ஈரம் காய்வதற்குள் இதன் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். வீட்டில் எத்தனை கத்தல், எத்தனை ஓட்டம் இருந்தாலும் இதைப் பார்த்தால் மனசு ஆறும். நானும் இப்படித்தானே என்று தோன்றும். இப்படித்தானா என்று அவளை யாரும் கேட்டதில்லை. கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் பால் பல்லோடு வீட்டில் திரிந்துகொண்டிருந்தது.

"என்ன தெரியுது?"

"அந்த ஆன்ட்டி பேன் பாக்குறாங்க," என்றான் முன்பல் விழுந்த ஒரு பையன். கூட்டம் சிரித்து உருண்டது.

"எதனால அப்படித் தோணுது?"

"எங்கம்மா இப்படித்தான் பாப்பாங்க. பாத்துட்டு நசுக்குவாங்க."

கூட வந்திருந்த ஆசிரியை நைசாக நாற்காலியை அவனிடமிருந்து ஓரடி நகர்த்திப் போட்டாள். ஸ்கூலுக்குக் கிளப்புறாங்க என்றது ஒரு குழந்தை. அந்த அக்காவுக்கு இன்னிக்குப் பொறந்தநாள் என்றது இன்னொன்று. மிளகு கையைத் தூக்கினாள்.

"அந்த அம்மாவுக்குக் கோவம்."

எதனால என்ற கேள்வி படம் மிஸ்ஸின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவள் கேட்கவில்லை.

"இல்லடா கண்ணு. நல்லாப் பாரு. எவ்ளோ அன்பா வாரி விடுறாங்க, பாத்தியா?"

அந்தக் கூடத்தில் அவள் 'இல்லை' சொன்னது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? வந்த கொஞ்ச நேரத்திலேயே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். பேன் பையன் மிளகுவைப் பார்த்து, மிஸ்ஸின் குரலிலேயே, "எதனால அப்படித் தோணுது?" என்றான்.

மிளகு எழுந்து படத்தின் பக்கத்தில் போனாள். தொடாமல் விரலை நீட்டினாள்.

"இந்தப் பாப்பா முக்காலிய எவ்ளோ இறுக்கிப் பிடிச்சிருக்கு பாரு. வலிச்சாதான் அப்படிப் பிடிப்போம். கழுத்து பின்னாடி போயிருக்கு. ஆனா அழக் கூடாது. அழுதா சீப்பாலயே இன்னும் ஒண்ணு..."

அங்கே நிறுத்தித் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அந்த நேரம் தன் முகம் எப்படி இருந்தது என்று படம் மிஸ்ஸுக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தெரிந்தது. நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

"அன்பா இருக்காங்க மிஸ்," என்றாள். போய் உட்கார்ந்துவிட்டாள்.

"வெரி குட்," என்றாள் படம் மிஸ். பாவி, அதையும் சொல்லித் தொலைத்தாள்.

பிள்ளைகளை வண்டியேற்றி அனுப்பியாயிற்று. மிளகுவுக்கு ஒரு காகிதமும் கிரேயானும் கொடுத்து டிக்கெட் தருகிற அக்காவிடம் விட்டுவிட்டுப் படம் மிஸ் திரும்பி வந்தாள். சாப்பாட்டு நேரம்தான், சாப்பிடப் பிடிக்கவில்லை. படத்தின் அருகில் போய், மகள் விரல் நீட்டிய இடத்தைப் பார்த்தாள். சிறுமியின் கை முக்காலியின் விளிம்பைக் கவ்விப் பிடித்திருந்தது. விரல் முட்டிகளில் கொஞ்சம் வெள்ளை வேறு வைத்திருந்தார் ஓவியர். வேண்டுமென்றே வைத்த வெள்ளைதான். வருஷக்கணக்காக இதன் முன்னால் உட்கார்ந்து உருகினாளே, ஒரு நாளாவது அந்தக் கையைப் பார்த்தாளா? அம்மாவைத்தான் பார்த்தாள். அவளுக்கு வேண்டியது அம்மாதான்.

இன்றைக்குக் காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது. சிக்கு விழுந்த முடி. "அசையாதேன்னு சொல்றேன்ல, சனியனே!" சீப்பின் முதுகால் மண்டையில் ஒரு தட்டு. அதற்கப்புறம் பிள்ளை அசையவில்லை. அப்போது பிள்ளையின் கை எங்கே இருந்தது? பின்னால் நிற்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்?

தட்டியதைக்கூட எப்படியோ சமாளித்துவிடலாம், எந்த வீட்டில் அவசரம் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் இதற்கு என்ன சமாதானம்? உள்ளதை உள்ளபடி சொன்ன பிள்ளையை, அத்தனை பேர் முன்னால் பொய் சொல்ல வைத்து, அந்தப் பொய்க்கு வெரி குட்டும் போட்டாளே. ஊரான் பிள்ளை வாயையெல்லாம் திறந்துவிட்டு, பெற்ற பிள்ளை வாயை அடைத்தாயிற்று. இனி எங்காவது வலித்தால் இவள் என்னிடம் சொல்வாளா?

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மிளகு சன்னலோரம். படம் மிஸ் இரண்டு நிறுத்தம் வரை தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு பிறகு கேட்டாள்.

"மிளகு, அந்தப் படத்தைப் பத்தி என்னடி சொன்ன?"

"அன்பா இருக்காங்கன்னு."

"அதுக்கு முன்னாடி?"

"அது தப்பும்மா. நான் சரியாப் பாக்கல."

"ஐயோ, இல்லடி செல்லம். அம்மாதான் சரியாப் பாக்கல. நீ சொன்னப்புறம் போய்ப் பாத்தேன். அந்தப் பாப்பா இறுக்கித்தான் பிடிச்சிருக்கு."

மிளகு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"காலையில நான் தலை வாரும்போது உனக்கு வலிக்குதா?"

மிளகு நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், மறுபடி கண்ணுக்கு வந்தாள். அவசரமே படவில்லை.

"வலிக்காதும்மா."

அம்மாவின் முகம் தொங்கிப்போனது. அதையும் பார்த்தாள்.

"வலிக்கும்மா," என்று உடனே மாற்றினாள். குரல் மட்டும் மாறவில்லை. "இப்படித்தானம்மா சொல்லணும்?"

படம் மிஸ் வாயைத் திறந்தாள். ஆமாம் என்பதா, இல்லை என்பதா? எதைச் சொன்னாலும் பிள்ளை அதையே திருப்பிச் சொல்லிவிடும். மிளகு முகத்தைத் திருப்பாமல், அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளக் காத்துக்கொண்டிருந்தாள்.