பிந்தி வந்த பெண்கள்

ரிப்கா படித்த படிப்பின் பெயர் அவளுடைய ஊரான வத்தேகமவில் யாருக்கும் தெரியாது. தெரிந்து என்ன செய்யப் போகிறார்கள்? கம்பஸ் அடையாள அட்டையில் "சுகாதாரமும் சமூகமும்" என்று போட்டிருந்தது. கொஞ்சம் சமூகவியல், கொஞ்சம் பொருளியல், கொஞ்சம் புள்ளிவிபரம், அதற்குள்ளே நோய்களைப் பற்றியும் கொஞ்சம். நோயைக் குணமாக்குகிற படிப்பில்லை அது. நோய் ஏன் சிலரை மட்டும் தேடிப் பிடிக்கிறது, பிடித்த பிறகும் அவர்கள் ஏன் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று ஆராய்கிற படிப்பு. இதைக் கடைத்தெருவில் நின்று விளக்க முடியுமா?

அவளுடைய வாப்பா ஹபீல் விளக்கப் போகவில்லை. புடவைக்கடைக்காரர் அல்லவா, "மகள் டொக்டர் படிக்கிறா" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்.

முதல் லீவில் ரிப்கா சண்டை பிடித்தாள். "வாப்பா, நான் டொக்டரா வரமாட்டேன். அது வேற படிப்பு."

"ஹெல்த் எண்டா டொக்டர்தானே மகள். மனுசருக்கு முன்னால என்னைய வெக்கப்படுத்தாத."

அத்தோடு விட்டுவிட்டாள். விட்டது மட்டுமா? பக்கத்து வீட்டு சகீனா தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டி, "டொக்டர் மகள், இதக் கொஞ்சம் பாருங்க" என்றபோது வாங்கி, நெற்றியைச் சுருக்கி, "சீனியக் கொறைங்க" என்றாள். சீனி வியாதிக்காரிக்கு அதைச் சொல்ல ஒரு டொக்டர் வேண்டுமா? ஆனாலும் அந்த மரியாதை அவளுக்கு இனித்தது. நான் வாய் திறந்து பொய் சொல்லவில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் வேறு.

உம்மாவின் பெயர் சித்தி றலியா; அவள் மட்டும் ரிப்போர்ட், மருந்துக் குளிசை என்று எதையும் நீட்டவில்லை. ஒவ்வொரு லீவிலும் அவளுக்கு ஒரே கேள்விதான். "ஒனக்கு எப்ப மகள் படிப்பு முடியும்?"

ரிப்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். மாப்பிள்ளை பார்க்க அடி போடுகிறாள் என்றுதான் நினைத்தாள். "அடுத்த வருஷம் உம்மா. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று எரிந்து விழுவாள்.

"அவசரம் ஒண்டுமில்ல. அடுத்த வருஷந்தானே." உம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள். பரீட்சை தள்ளிப்போக, மறு வருஷமும் அதே கேள்வி, அதே பதில்.

இறுதி வருட ஆய்வுக்கு இந்தப் பிள்ளை எடுத்த தலைப்பைக் கேளுங்கள்: மார்பில் கட்டி வந்த பெண்கள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் பிந்தி வருகிறார்கள். குண்டசாலை, அம்பிட்டிய என்று பஸ் ஏறி இறங்கி வீடு வீடாகப் போனாள். பெண்கள் தேத்தண்ணி கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு, புருஷனுக்கும் சொல்லாததை அவளுக்குச் சொன்னார்கள். ஆம்பிளை டொக்டரிடம் காட்ட வெட்கம் என்றாள் ஒருத்தி. நோகவில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்றாள் இன்னொருத்தி. சும்மா சொல்லக்கூடாது, ரிப்கா நன்றாகத்தான் எழுதியிருந்தாள். விரிவுரையாளர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டிப் புகழ்ந்தார். ஆனால் வத்தேகமவில் ஒரு வீட்டுப் படிகூட அவள் மிதிக்கவில்லை. அங்கே போய்க் கேள்வி கேட்டால் இவள் டொக்டரில்லை என்பது வெளியில் வந்துவிடும் அல்லவா?

பரீட்சைப் பெறுபேறு வந்த வாரம், வெள்ளிக்கிழமை, வாப்பா ஜும்ஆ தொழுகைக்குப் போன பிறகு உம்மா அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இப்ப முடிச்சிட்டதானே? இந்தா, பாரு." சட்டையை விலக்கினாள்.

ரிப்கா கிட்டப் போய்ப் பார்த்தாள். கட்டி தோலைப் பிடித்து உள்ளே இழுத்திருந்தது. ஆய்வுக்காகப் புரட்டிய படங்களில், முற்றிய நிலை என்று போட்டிருந்த படம் அப்படியே கண்முன்னால் இருந்தது.

"எப்ப இருந்து உம்மா?"

"நீ கம்பஸ் போய்க் கொஞ்ச காலத்துல. கடலக்கொட்ட மாதிரி சின்னதா ஈந்திச்சி. நோவில்ல."

"யாருக்கும் காட்டலயா?"

"அன்னிய ஆம்பிளைக்குத் தொறந்து காட்டவா? வீட்டுலயே டொக்டர் வரப் போறா, அவ பாப்பாதானே எண்டு ஈந்தேன். நீதானே அடுத்த வருஷம், அடுத்த வருஷம் எண்டு சென்ன."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாவி, நாக்கு எழவில்லை. "பெரிய எடத்துல காட்டுவோம் உம்மா" என்று மட்டும் சொன்னாள்.

"நீ கூட ஈந்தா வாறேன்."

கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்கில் முதலில் பார்த்தது ஒரு பெண் டொக்டர். சோதனைகள் முடிந்ததும் ரிப்காவைத் தனியாகக் கூப்பிட்டு, கட்டி அக்குளுக்கும் பரவிவிட்டது, ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கதையே வேறு என்றார். ஏன் இவ்வளவு பிந்தினீர்கள் என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியவள், கட்டியை எப்போது வெட்டி எடுப்பார்கள் என்று பேச்சை மாற்றினாள்.

வெட்டப் போகிறவர் ஆம்பிளை டொக்டர். அவர் ஒருமுறை பார்க்க வேண்டும், பிறகு உம்மா கையெழுத்துப் போட வேண்டும். அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த பெண்களுக்கெல்லாம் உம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், மகளும் டொக்டர்தான் என்று. தாதி ஷாமலாவுக்கும் சொல்லிவிட்டாள். பிறகு ரிப்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்:

"அந்தாள் பக்கத்துல நிண்டா போதும். வெட்டுறது நீதானே?"

இதற்கு மேலும் எப்படி மறைப்பது?

"உம்மா, நான் டொக்டர் இல்ல."

"பகிடி பண்ணாத."

"பகிடி இல்ல உம்மா. வாப்பா அப்பிடிச் செல்லித் திரிஞ்சார். நானும் விட்டுட்டேன்."

"அப்ப இவ்வளவு காலமும் நீ என்னதான் படிச்ச?"

"பொம்புளைங்க ஏன் பிந்தி ஆஸ்பத்திரிக்கு வாறாங்க எண்டு."

உம்மா அவளையே பார்த்தாள். ஒரு அறை விட்டிருந்தால்கூட ரிப்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஊரெல்லாம் போய்க் கேட்ட," என்றாள் உம்மா. "என்னட்ட ஒரு நாளும் கேக்கல்லியே மகள்."

அறைக் கதவு திறந்தது. "சித்தி றலியா! வாங்கம்மா," என்று ஷாமலா சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். "டொக்டர் மகளும் உள்ளுக்கு வாங்க."

ரிப்கா எழுந்தாள். உம்மா தன் கையை உருவிக்கொண்டாள்.

"அவ வரத் தேவல்ல," என்றாள், எல்லாருக்கும் கேட்க. "அவ டொக்டர் இல்ல."

தலையை மூடிய ஷோலைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த ஆம்பிளை டொக்டரின் அறைக்குள் தனியாகப் போனாள்.