முன்னால் நிற்பவளின் வெளிச்சம்

அன்று காலை நான் இரண்டு காரியங்களை முடிவு செய்துகொண்டு கிளம்பினேன். ஒன்று, தண்ணீருக்கடியில் கொண்டுபோக எனக்கு ஒரு புது விளக்கு வாங்குவது. இரண்டு, வாங்கி முடித்ததும், இனிமேல் உன்னோடு நான் இறங்கமாட்டேன் என்று என் நாத்தனாரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது. இரண்டாவதற்காக ராத்திரியே வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன்.

முதல் காரியத்துக்கு அவள் எதற்கு என்று கேட்கலாம். அது கடைக்காரர் வைத்திருக்கும் சட்டம். யாரோடு முங்குகிறோமோ அந்த ஆளையும், அந்த ஆளின் விளக்கையும் கூடவே கொண்டுவந்தால்தான் அவர் கேனிஸ்டர் லைட் என்கிற அந்த விளக்கை வெளியிலேயே எடுப்பார். தனியாகப் போனவர்களுக்கு ஒரு வணக்கம் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஊரில் ஸ்கூபா சாமான் விற்பதும் சிலிண்டருக்குக் காற்று நிரப்புவதும் அவர் ஒருவர்தான் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. எங்கள் கூட்டத்தில் அவருக்குச் சிலிண்டர் அண்ணன் என்று பெயர்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதினாறு வருடமாக அடுத்தவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் பிழைப்பு. கோபம் மூக்குக்கு மேல் வராமல் என்ன செய்யும்? என் நாத்தனார் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவள். அவள் ஊசி குத்துவதே தெரியாது என்பார்கள். அவள் இருப்பதே தெரியாது என்பது என் கட்சி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிறவள். வீட்டில் அவளை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவோம். என் வீட்டுக்காரர் வாளித் தண்ணீருக்கு மேல் எதையும் நம்பாதவர். அவருடைய பெண்டாட்டியும் தங்கையும்தான் ஏழு வருடமாக ஞாயிறுதோறும் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஒன்றாக முங்குகிறோம்.

நாங்கள் முங்குவது தண்ணீர் நிரம்பிப்போன ஒரு பழைய கல்குவாரியில். இருபத்திரண்டு மீட்டர் ஆழத்தில், குவாரி ஓடிக்கொண்டிருந்த காலத்து மோட்டார் அறை ஒன்று அப்படியே நிற்கிறது. நான்கு சுவர், ஒரு கூரை, ஒரே வாசல். உள்ளே போனால் கும்மிருட்டு. அங்கே வாய்க்கு வேலை இல்லை, விளக்குதான் பேச்சு. வெளிச்சத்தை மெதுவாக வட்டமாகச் சுற்றினால் சுகமாக இருக்கிறேன் என்று பொருள். இடதும் வலதுமாக வேகமாக அடித்தால் ஆபத்து, உடனே திரும்பு என்று பொருள். முன்னால் போகிறவள் பின்னால் வருபவளைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். பின்னால் இருப்பவளின் வெளிச்சம் தன் எதிர்ச்சுவரில் விழுந்துகொண்டிருந்தால் போதும்.

மூன்று வாரத்துக்கு முன்பு அந்த அறைக்குள் என் விளக்கு செத்துப்போனது. இடுப்பில் கட்டும் உருளை டப்பாவுக்குள் பேட்டரி இருக்கும். அதிலிருந்து ஓர் ஒயர் புறங்கையில் மாட்டும் விளக்குக்கு வரும். டப்பா மூடியில் ஒயர் நுழையும் இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. நான் பயப்படவில்லை. நெஞ்சுப் பட்டையில் செருகியிருந்த சின்ன விளக்கை எடுத்து, நாலு அடி முன்னால் போய்க்கொண்டிருந்தவளின் எதிர்ச்சுவரில் இடதும் வலதுமாக அடித்தேன். அவள் திரும்பவில்லை. மறுபடியும் அடித்தேன். அவள் பாட்டுக்குத் துருப்பிடித்த மோட்டாரை வேடிக்கை பார்த்துக்கொண்டு மூலைக்குத் திரும்பி மறைந்தாள். அப்போதுதான் பயந்தேன். வாசலிலிருந்து உள்ளே கட்டியிருந்த வழிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக வெளியே வந்து, நின்று நிதானித்து மேலே ஏறி, கரைப்படியில் உட்கார்ந்தேன்.

அவள் எனக்கப்புறம் பத்து நிமிடம் கழித்து வந்தாள். பத்து நிமிடம்! தலை வெளியே தெரிந்ததுமே ஆரம்பித்துவிட்டேன். அண்ணி செத்தாளா பிழைத்தாளா என்று பார்க்காமல் சுற்றுலா போனாயா என்று கேட்டேன். அவள் அப்பா அம்மாவையும் விடவில்லை. அவள் என்னைப் பார்த்தபடி தண்ணீரிலேயே நின்றாள், கிணற்றில் போட்ட கல் மாதிரி. ஒரு மன்னிப்பு? ஒரு சமாதானம்? ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அந்த மௌனம்தான் என்னை அறுத்துக்கொண்டிருந்தது. ஏழு வருடமாக யாரை நம்பி இருட்டுக்குள் போனேனோ அவள் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள். எங்கள் கூட்டத்தில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் இருக்கிறார். அடுத்த ஞாயிறு உங்களோடு வருகிறேன் என்று அவரிடம் சொல்லியும்விட்டேன்.

கடையில் சிலிண்டர் அண்ணன் மேஜைமேல் மூன்று விளக்குகளை வரிசையாக வைத்தார். நான் போனதும் எது பெரிய வெளிச்சமோ அதைத் தூக்கினேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, எத்தனை நேரம் முங்குவீர்கள், தண்ணீர் எவ்வளவு குளிர், கையுறை எவ்வளவு தடிமன் என்று விசாரித்தார். நாம் முங்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்காவது பேட்டரி நிற்க வேண்டும் என்றார். தடித்த கையுறை போட்டிருந்தாலும் சுவிட்ச் விரலுக்கு அகப்பட வேண்டும். ஒயர் குட்டையாக இருந்தால் கை நீளாது. நீளமாக இருந்தால் எதிலாவது மாட்டும். டப்பாவை என் இடுப்பில் கட்டி, கையை நீட்டச் சொல்லி, தையற்காரர் அளவெடுப்பதுபோல் பார்த்தார். நாத்தனார் ஓர் ஓரமாக நின்று ஒயர் மூடிக்குள் நுழையும் இடத்தை மட்டும் மூன்றிலும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது மட்டும் என்ன அக்கறை என்று எனக்குள் எரிந்தது.

அப்புறம் எங்களைப் பின்பக்கக் கிடங்குக்குக் கூட்டிப்போனார். ஜன்னல் இல்லாத நீள அறை, ஒரு பக்கம் காலி சிலிண்டர்கள். கதவைச் சாத்தினால் பகலிலேயே இருட்டு. அவள் தன் விளக்கைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். நான் பின்னாலிருந்து ஒவ்வொரு விளக்காகச் சைகை காட்ட வேண்டும். அவள் திரும்பாமல், தெரிவதைச் சொல்ல வேண்டும். தண்ணீருக்கு வெளியே ரொம்ப நேரம் எரிந்தால் விளக்கு சூடாகிவிடும், சுருக்கமாக முடியுங்கள் என்றார்.

முதல் விளக்கைச் சுற்றினேன். கொஞ்சம் யோசித்து, வட்டம் என்றாள். இரண்டாவது, வெளிச்சத்தை ஊசிபோல் ஒடுக்கி அனுப்பும் விளக்கு. உடனே வட்டம் என்றாள். நான் ஆசைப்பட்ட பெரிய விளக்கைக் காட்டியபோது, ஏதோ அசைகிறது, என்னவென்று தெரியவில்லை என்றாள். கடைசியாக என் நெஞ்சுப்பட்டை விளக்கையும் காட்டச் சொன்னார் கடைக்காரர். எந்தச் சைகை என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடதும் வலதுமாக அடித்தேன், அன்றைக்கு அடித்தது போலவே.

அவள் பேசாமல் நின்றாள்.

இன்னும் வேகமாக அடித்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிட வாயெடுத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்.

"அண்ணி, ஆரம்பிச்சிட்டீங்களா?"

நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். கடைக்காரர் அவளுடைய விளக்கை என் கையில் மாட்டி, என் சின்ன விளக்கை அவளிடம் கொடுத்து, என்னை அவள் நின்ற இடத்தில் நிறுத்தினார். சுவர் முழுக்க வெள்ளை வெளேர் என்று பரந்த வெளிச்சம். ஒரு மூலை பாக்கியில்லை. நான் காத்திருந்தேன். சுவரில் ஒரு சின்னப் புள்ளியாவது அசைகிறதா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். சீக்கிரம் காட்டு, விளக்கு சுடுகிறது என்றேன். காட்டி முடித்துக் கை வலிக்கிறது என்றாள் அவள்.

எதிரே லாரிக்காரன் விளக்கைப் பெரிதாகப் போட்டு வந்தால் நடுவில் வரும் சைக்கிள் விளக்கு கண்ணுக்குத் தெரியாது என்று தினமும் நாலு பேருக்குத் தொண்டை கிழியச் சொல்லித்தருகிறவள் நான். அவள் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. நான் கூப்பிட்டது அவளுக்குத் தெரியவே இல்லை. மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது. அந்தக் காலி சிலிண்டர்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது.

இந்த விளக்கை யார் தேர்ந்தெடுத்தது என்று கடைக்காரர் கேட்டார். படம் பிடிக்கிறவர்கள் கொண்டுபோகலாம், ஜோடியாக இருட்டுக்குள் போகிறவர்களுக்கு ஆகாது, இதைக் கையில் வைத்திருப்பவருக்குப் பின்னால் இருப்பவர் இருப்பதும் இல்லாததும் ஒன்று என்றார்.

"நான்தான். எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றாள் நாத்தனார்.

பொய். நான்கு மாதத்துக்கு முன்பு அவள் பிறந்தநாளுக்கு, இந்தக் கடைச் சட்டமெல்லாம் எதற்கு என்று வேறு எங்கிருந்தோ வரவழைத்து, இருப்பதிலேயே பெரிய வெளிச்சமாகப் பார்த்து அவள் கையில் நான் கட்டிவிட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை ரிப்பன் சுற்றிச் செய்திருக்கிறேன். அந்த விளக்கு வந்த பிறகு அவள் முன்னைவிட அடிக்கடி கழுத்தைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள். சும்மா சும்மா திரும்பாதே, உன் கால்துடுப்பு கிளப்பும் சேற்றில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவளை அதட்டி நிறுத்தியதும் நான்தான்.

நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று கடைக்காரரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஊசி வெளிச்ச விளக்கில் இரண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்துச் சொன்னார்:

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்மா. மூணு வாரம் முன்னாடி சிலிண்டர்ல இருபது பார் காத்துகூட மிச்சம் இல்லாம கொண்டாந்தீங்க. எழுபதுக்குக் கீழ ஒருநாளும் வராத ஆளு நீங்க. அன்னைக்கு கீழ என்னதான் பண்ணீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"அண்ணியத் தேடினேன்" என்றாள்.

திரும்பியபோது நான் இல்லையாம். இருட்டில் என் விளக்கு தெரியுமா என்று தன் விளக்கை நெஞ்சோடு சேர்த்து மறைத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள். ஒன்றும் இல்லை. தேடுவதற்கு ஒரு நிமிடம்தான் விதி. அதற்குள் அகப்படாவிட்டால் மேலே வந்துவிட வேண்டும். அவள் பத்து நிமிடம் தேடியிருக்கிறாள். அறையின் நான்கு மூலையிலும் மோட்டாருக்கு அடியிலும் கையால் தடவித் தேடியிருக்கிறாள். காற்று தீரப்போகும் வரை. நான் மேலே படியில் உட்கார்ந்து, அவளை எப்படியெல்லாம் திட்டலாம் என்று வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தபோது.

காரில் ஏறி வெகுதூரம் வந்துவிட்டோம். விளக்குகள் பின் இருக்கையில் இருந்தன. அடுத்த ஞாயிறு டீச்சரோடுதானே போகிறீர்கள் என்று அவள் மெல்லக் கேட்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உன்னோடுதான் என்றேன். கோத்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னைக்கு அவ்வளவு திட்டினேனே. உங்களத்தான் தேடிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"கீழ இருந்த வரைக்கும், எங்க அண்ணன்கிட்ட போய் என்ன சொல்றதுன்னு மட்டும்தான் ஓடிட்டு இருந்துச்சு அண்ணி" என்றாள். "தலைய வெளிய நீட்டினேன், உங்க குரல் கேட்டுச்சு. நீங்க திட்டத் திட்டத்தான் எனக்கு உயிரே வந்துச்சு. நான் வாயத் திறந்தா நிறுத்திடுவீங்களேன்னு பேசாம இருந்தேன்."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.