தூக்கப் பரிசோதனை

பத்ரிநாராயணன் தன் பெண்ணுக்கு வந்த வரனை வேண்டாம் என்ற காரணத்தைக் கேட்டால், சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாது. பெண் பார்க்க வந்த விஸ்வநாத், சாப்பிட்ட களைப்பில் சோபாவில் கண்ணயர்ந்தான். கண்ணயர்ந்த கையோடு அவன் கால் வெடுக்கென்று உதறி டீப்பாயை இடித்தது. அவ்வளவுதான். அது வலிப்பு என்று மனிதர் தீர்ப்பே எழுதிவிட்டார்.

பாலாநகரில் விமானத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையில், ஆயுசு முழுக்கச் சோதனைப் பிரிவில் இருந்தவர் அவர். கருவிப் பெட்டியை அதிரும் மேஜையில் வைத்துக் குலுக்குவது, அதன் முள் ஒரு தரம் தவறாகத் துள்ளினாலும் ஒதுக்கித் தள்ளுவது, இதுதான் வேலை. ரிட்டயரான பிறகு குலுக்கப் பெட்டி கிடைக்காததால் மனிதர்களைக் குலுக்கிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

சாருலதா பிசியோதெரபிஸ்ட். தசையும் நரம்பும்தான் அவள் பிழைப்பு. ஆனால் சொந்த வீட்டில் அந்தப் படிப்புக்குச் சல்லிக்காசு மரியாதை கிடையாது.

"தூக்கம் வரப்போ தசையெல்லாம் தளரும்ப்பா. அந்த நேரத்துல மூளையிலேர்ந்து ஒரு தப்பு சிக்னல் கிளம்பும், உடம்பு தூக்கிவாரிப் போடும். முக்கால்வாசிப் பேருக்கு வரது. அலுப்பு, காபி, தூக்கம் கெட்டுப் போனதுன்னு சேர்ந்தா கொஞ்சம் ஜாஸ்தியா வரும். வியாதியே இல்லை."

"எனக்கு வந்ததில்லையே," என்றார் அப்பா.

தூங்கும்போது தன்னையே மேற்பார்வை பார்த்தவர்போல் பேசுகிறவரிடம் என்ன வாதாட முடியும்? அவர் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால்.

ஆனால் சாருலதாவால் விடவும் முடியவில்லை. அதற்குள் அவள் விஸ்வநாத்தை அமீர்பேட் மெட்ரோ பக்கம் பலமுறை சந்தித்துவிட்டாள். அங்கே ஒரு பயிற்சி நிலையத்தில் சாப்ட்வேர் சொல்லிக்கொடுக்கிறவன். கால் உதறியதைப் பற்றிக் கேட்டபோது, "எனக்கு தினமும் வரும், ஒண்ணும் பண்ணாது," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே அவள் கல்யாணத்தை முடிவு செய்துவிட்டாள். வீட்டில் சாப்பிட மறுத்து, பேச மறுத்து அப்பாவோடு மல்லுக்கு நின்றாள்.

கடைசியில் அவர் இறங்கி வந்தார். இறங்கி வந்த லட்சணம் இது: "மறுபடியும் சாப்பிடக் கூப்பிடு. தூங்கட்டும். நான் பக்கத்துல உக்காந்து பார்க்கறேன். ஆடலைன்னா பாஸ்."

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவள் சம்மதித்தாள். எதற்கு அழைக்கிறோம் என்று விஸ்வநாத்திடமோ அவன் அம்மாவிடமோ மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உப்பல் வீட்டில் அம்மா மோர்க்குழம்பும் உருளைக்கிழங்கு கறியும் பாயசமும் செய்து இறக்கினாள். தின்றவன் தூங்காவிட்டால்தான் அதிசயம். விஸ்வநாத்துக்குச் சோபா, தலையணை, முழு வேகத்தில் மின்விசிறி. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பத்ரிநாராயணன்.

"தூங்குங்கோ. நம்மாத்துல என்ன கூச்சம்?"

அப்படி ஒருவர் வெறித்துக்கொண்டிருந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? அவன் விழித்துக்கொண்டு கிடந்தான். பாயசம் சும்மா விடுமா? பார்க்க உட்கார்ந்தவர் தலைதான் தொங்கியது. தொங்கிய சற்று நேரத்தில் உடம்பு தூக்கிவாரிப் போட, கால் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், "அய்யோ" என்று ஒரு அலறல்.

விஸ்வநாத்தின் அம்மா பகவதி வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள். "இவருக்கு எத்தனை நாளா இப்படி?"

"இது வியாதி இல்லை மாமி. தசை தளரும்போது மூளையிலேர்ந்து ஒரு தப்பு சிக்னல்..." அப்பா மூச்சு விடாமல் ஒப்பித்தார். தானே கண்டுபிடித்ததுபோல் ஒரு பாவனை வேறு.

"ஹவ், ஆமாமா, முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா. வம்சத்துல வலிப்பு இருந்தா பேரன் பேத்திவரைக்கும் வரும். விஸ்வா, எழுந்திரு, கிளம்பலாம்."

வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு. சாருலதா விஸ்வநாத்தைப் பார்த்தாள். "எனக்கும் வருமேம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிரச்னை தீர்ந்தது.

அவன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டான். "அம்மா சொல்றதுலயும் ஒரு பாயின்ட் இருக்கு, சாரு. எதுக்கும் அங்கிளுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடுங்கோ."

அவளுக்கு அப்பாமேல் இருந்த கோபமெல்லாம் இதற்கு முன்னால் தூசு.

"மாமி, போன தடவை நீங்க உள்ளே அம்மாவோட பேசிண்டிருந்தப்போ இதே சோபால உங்க பிள்ளைக்கும் கால் தூக்கிப் போட்டுது. வலிப்புன்னு எங்கப்பா வேண்டாம்னுட்டார். இவருக்காக அவரோட சண்டை போட்டது நான்."

பகவதி மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"சாரு, நான் வந்து..."

"நக்கோ, ஒண்ணும் வேண்டாம்," என்று அவள் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் போனதும் அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். முகத்தில் பழைய உத்தியோகக் களை வந்திருந்தது.

"பார்த்தியா, டெஸ்ட் பண்ணினது எவ்வளவு நல்லதாப் போச்சு."

இந்த ஒரு தரம் அவர் சொன்னது சரிதான். அன்று நடந்ததிலேயே அதுதான் அவளால் பொறுக்க முடியாததாக இருந்தது.