நூறு முட்டை நேர்த்திக்கடன்

கல்யாணமான இத்தனை வருஷத்தில் பிரசோங் தானாக வாயைத் திறந்து “எங்கேயாவது போவோமா” என்று கேட்டதே கிடையாது. கோராத் ஊரில் மின்விசிறி ரிப்பேர் பார்க்கும் அவனுடைய கடைதான் அவனுக்குக் கோயில், குளம், கடற்கரை எல்லாம். அப்பேர்ப்பட்டவன், மகள் ப்ளோய் பட்டம் வாங்கி வேலைக்குப் போன கையோடு, “பேங்காக் போவோம். பழைய இடமெல்லாம் சுத்துவோம். அப்புறம் பாங்சேன் கடற்கரைல காலை நீட்டிக்கிட்டுக் கிடப்போம்” என்றபோது, புவா பக்கத்து வீட்டுக்காரிகள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் பெட்டியையே எடுத்தாள். அவர்கள் வயிறு எரிய வேண்டும் என்பது அவள் ஆசை. வயிற்றெரிச்சலின் அருமை அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் அதைச் சோறு போட்டு வளர்த்தவளே அவள்தான்.

பேங்காக்கில் அவர்களுக்கு அவசரமே இல்லை. புதுசாகக் கல்யாணமாகி வாடகைக்கு இருந்த அறையைத் தேடிப் போனார்கள். அந்த இடத்தில் சலவைக்கடை வந்திருந்தது. அக்கரைக்கும் இக்கரைக்கும் படகில் சும்மாவே போய் வந்தார்கள். மத்தியானம் தூங்கி எழுந்து சந்தைக்கு நடந்தபோது ஒரு பழக்காரி கூப்பிட்டாள்.

“அக்கா, பெட்ரியூ மாம்பழம்! தேன் மாதிரி இருக்கும், வாங்க!”

புவாவின் முகம் கடுத்தது. “அந்த ஊர் மாம்பழம் எங்க வீட்டு வாசப்படி ஏறாதும்மா.”

“நாமதான் வீட்டுல இல்லையே” என்றான் பிரசோங்.

“எங்க இருந்தாலும் ஏறாது.”

பெட்ரியூ என்பது சுனீயின் ஊர். சுனீ என்பவள் புவாவுக்கு முன்னால் பிரசோங்கின் நெஞ்சில் இருந்தவள். வீட்டில் பார்த்த நகைக்கடைக்காரனைக் கட்டிக்கொண்டு, இவனைக் கடற்கரையில் அழவிட்டுப் போனவள். கல்யாணமான புதிதில் ஒருநாள் வாய் தவறி இதைச் சொல்லிவிட்டான் அந்த மடையன். அன்றிலிருந்து ஒவ்வொரு மாம்பழக் காலத்திலும் புவா கூடைக்காரியை நிறுத்துவாள், எந்த ஊர் என்று விசாரிப்பாள், பெட்ரியூ என்று தெரிந்தால் அவனுக்குக் கேட்கிற மாதிரி திட்டி அனுப்புவாள். வானொலியில் சுனீ என்ற பெயரில் ஒரு பெண் செய்தி வாசித்தால் குமிழைத் திருகி அணைத்துவிடுவாள். இத்தனைக்கும் சுனீ கறுப்பா சிவப்பா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

பழக்கடையைத் தாண்டி நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பிரசோங் மெல்ல ஆரம்பித்தான்.

“பாங்சேன் போனதும் நூறு முட்டை அவிக்கணும், புவா.”

“நூறா? ரெண்டு பேருக்கா?”

“தாயாருக்கு. கடற்கரைக் கோடியில, பாறை மேல சின்ன சன்னதி இருக்குல்ல. நேர்ந்துக்கிட்டது.”

“எப்ப நேர்ந்தீங்க?”

“ரொம்ப முன்னாடி.”

“எவ்வளவு முன்னாடி?”

அவன் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். “உனக்கு முன்னாடி.”

புவாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டது பலித்தால்தான் முட்டை. பலிக்காததற்கு யாரும் அடுப்பு மூட்டுவதில்லை என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். சுனீயை நினைத்து அழுதவன் தாயாரிடம் வேறு என்ன கேட்டிருப்பான்? அவள் திரும்பி வர வேண்டும் என்றுதான் கேட்டிருப்பான். அது இப்போது பலித்திருக்கிறது. நகைக்கடைக்காரன் செத்திருப்பான். சுனீ கழுத்து நிறையத் தங்கத்தோடு பாங்சேன் மணலில் காத்துக்கொண்டிருப்பாள். மகளும் வேலைக்குப் போயாயிற்று. இனி இந்த மனிதனைப் பிடித்துவைக்க வீட்டில் என்ன இருக்கிறது? தான் ஒருத்திதான் மிச்சம். அது போதாது என்றே அவளுக்குத் தோன்றியது.

வாய்விட்டுக் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் அவள் பயந்த பதிலே வந்துவிட்டால்? புவா வாயை மூடிக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை அதுவே ஒரு சாதனை.

பாங்சேனில் குடைக்குக் கீழே சாய்வு நாற்காலியில் பிரசோங் கிடந்தான். சுட்ட கணவாய் மீன் வந்தது, தின்றான். தூங்கினான். ரப்பர் டியூபில் குதிக்கும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தான். புவாவும் படுத்துத்தான் இருந்தாள், ஆனால் கண்கள் மட்டும் காவல்காரன் கண்கள். ஐம்பதை ஒட்டிய பெண் யார் அந்தப் பக்கம் நடந்தாலும் தலையைத் தூக்கினாள். தங்கச் சங்கிலி போட்ட ஒருத்தி கொஞ்சம் ஐஸ் கேட்டு வந்தபோது, “நீங்க பெட்ரியூவா?” என்று கேட்டே விட்டாள்.

“இல்லக்கா, எனக்கு சுரின் ஊரு. ஏன்?”

“ஒண்ணுமில்ல. ஐஸ் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க.”

நாற்காலிகளை வாடகைக்கு விடும் ஜியாப் தன் பெரிய பானையில் முட்டைகளை அவித்துக் கொடுத்தாள். வாய் சும்மா இருக்காத பெண். “அண்ணே, என்ன வேண்டிக்கிட்டீங்க? லாட்டரியா?”

“அதைவிடப் பெருசு” என்றான் பிரசோங்.

“பார்த்தியா” என்றாள் புவா பானையைப் பார்த்து. “பெருசாம்.”

மறுநாள் காலை சன்னதிக்குப் புறப்படும்போது புவா பெட்டியின் அடியிலிருந்து தன் புதுப் பச்சைப் பட்டுப் பாவாடையை எடுத்து உடுத்தினாள். மகளின் பட்டமளிப்பு விழாவில் ஓர் அம்மாள் அப்படி ஒன்றைக் கட்டியிருந்தாள். வாசலில் சந்தித்தபோது புவா கூச்சப்படாமல் எந்தக் கடை என்று கேட்டு, அடுத்த வாரமே அதே கடையில் அதே பட்டை எடுத்துத் தைத்துக்கொண்டாள். சுனீ வரட்டும், இதைப் பார்த்து வெந்து சாகட்டும் என்று கொசுவத்தை இழுத்துச் செருகினாள்.

சன்னதியில் அந்த நேரத்துக்கு யாரும் இல்லை. சிவப்பு சோடா பாட்டில்களும் வாடிய மாலைகளும் தாயாரின் காலடியில் கிடந்தன. பிரசோங் முட்டைத் தட்டுகளை அடுக்கி, ஊதுபத்தி கொளுத்தி, மண்டியிட்டான். பலித்ததைத் தாயாரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவன் அம்மா சொல்லிக் கொடுத்தது. புவா பக்கத்தில் மண்டியிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

“தாயே, கோராத் பிரசோங் வந்திருக்கேன். அந்த வருஷம் இங்க அழுதுகிட்டே வந்து, பெட்ரியூ சுனீயை நான் மறக்கணும், மறந்தா நூறு முட்டை வைக்கிறேன்னு சொன்னேன். மறந்துட்டேன். கொண்டாந்துட்டேன். லேட்டானதுக்கு மன்னிக்கணும்.”

புவாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்த மனிதனின் வழுக்கைத் தலையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. அத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம்.

“எப்ப மறந்தீங்க?”

“ப்ளோய் பட்டமளிப்பு அன்னைக்கு.”

“எந்த ப்ளோய்?”

“நம்ம ப்ளோய்தான். வாசல்ல ஒரு அம்மா வந்து ‘நல்லா இருக்கீங்களா’ன்னு கேட்டாங்கல்ல? நான் கும்பிட்டேன், மழை வரும்போல இருக்குன்னு சொன்னேன், நகர்ந்துட்டேன். யாருன்னு நீகூடக் கேட்ட. கடைக்கு வர்றவங்களா இருக்கும்னேன். ரெண்டு மூணு நாள் கழிச்சு ஒரு விசிறியக் கழட்டும்போதுதான் உறைச்சுது. அது சுனீ! எதிர்ல நின்னு பேசியும் எனக்குத் தெரியல, புவா. அதைவிட மறக்கறதுன்னா என்ன இருக்கு?”

“எந்த அம்மா?” என்றாள் புவா. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

“அதான், பச்சைப் பட்டு கட்டிக்கிட்டு...” பிரசோங்கின் பார்வை கீழே இறங்கி, பாவாடையில் நின்றது.

புவா எழுந்தாள். அந்தப் பாவாடையை அங்கேயே அவிழ்த்துக் கடலில் எறிந்திருப்பாள், தாயாருக்காகப் பார்த்தாள். சுனீயிடம் பல்லைக் காட்டிக் கடைப் பெயர் கேட்டதும், அவள் அன்பாகத் தெருப் பெயர் சொல்லி வழிகாட்டியதும், “உங்க நிறத்துக்கு நல்லா இருக்கும்” என்றதும் ஒவ்வொன்றாக வந்து குத்தின.

“அப்போ அன்னைக்கு வரைக்கும்? இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல என் பக்கத்துல படுத்துக்கிட்டு, அவளை மறக்கவே இல்ல. அப்படித்தானே?”

“எப்படி மறக்கறது?” பிரசோங்குக்கும் கோபம் வந்துவிட்டது. தாயார் எதிரில் அவன் பொய் சொல்லமாட்டான். “நீ மறக்க விட்டாத்தானே! மறந்து தொலைச்சிருப்பேன், மாம்பழக் கூடை வாசலுக்கு வரும். நீ போய் நிப்ப. ‘எந்த ஊரு, பெட்ரியூவா’ன்னு கத்துவ. இறக்கி வச்ச பாரத்தை மறுபடி தூக்கித் தலையில வைப்ப. செய்தி வாசிக்கிறவ பேர் என்னன்னுகூட எனக்குத் தெரியாது, நீ வந்து ரேடியோவ அணைப்ப. அப்ப ஞாபகம் வரும். இந்த வருஷம் விழா வேலைல மாம்பழச் சண்டை போட உனக்கு நேரமில்ல. ஒரே ஒரு வருஷம் விட்ட, மறந்துட்டேன்.”

புவா போய்ச் சன்னதிப் படியில் உட்கார்ந்தாள். படியில் உட்கார்ந்தாள். கீழே ஜியாப் யாருக்கோ குடை விரித்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டில் சுனீக்குச் சோறு போட்டு, பாய் விரித்து, இத்தனை காலம் வைத்திருந்தது யார் என்று புவாவுக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததால் எரிச்சல் ஒன்றும் குறையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய், மீதியிருந்த ஊதுபத்திகளைக் கொளுத்தி மண்டியிட்டாள். பிரசோங்குக்குக் கேட்காதபடி, உதடு மட்டும் அசைய வேண்டிக்கொண்டாள். நெடுநேரம் வேண்டினாள்.

பத்தி அணைந்ததும் தாயாரிடம் விடைபெற்று முட்டைகளை எடுத்துக்கொண்டார்கள். பாதியை ஜியாப்புக்குக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டு, அதே படியில் உட்கார்ந்தார்கள். பிரசோங் ஒரு முட்டையை உரித்துப் புவாவிடம் நீட்டினான். மற்றொன்றை முழுசாகத் தன் வாயில் போட்டுக்கொண்டான். கோபம் அவனுக்கு எப்போதும் ஒரு முட்டை நேரத்துக்கு மேல் நிற்காது.

“நீ என்ன கேட்ட தாயார்கிட்ட?”

“அவளை மறக்கணும்னு கேட்டேன்.”

“எவளை?” என்றான் பிரசோங்.

கிண்டல் செய்கிறானா என்று புவா அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். வாயோரத்தில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. அவன் கண்கள் கீழே கணவாய் சுடும் வண்டி வந்துவிட்டதா என்று தேடிக்கொண்டிருந்தன. கையில் இருந்த முட்டையைப் புவா மெல்ல ஒரு கடி கடித்தாள். அவன் மறதியைப் பார்த்து வந்த பொறாமை, இத்தனை வருஷத்தில் சுனீ மேல்கூட அவளுக்கு வந்ததில்லை.