சௌத்ரி சாஹிப் அனுப்பிய காளை

பக்ரீதுக்கு முந்தின நாள் சாயங்காலம், காமோகே ஊரில் ரஷீதா பீபி வீட்டு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பின்கதவைத் திறந்ததும் ஒரு வெள்ளைக் காளை இறங்கியது. காளையா அது, ஒரு நடமாடும் வீடு. கொம்பில் ஜிகினா, கழுத்தில் மணி, காலில் சலங்கை. தெரு மொத்தமும் குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"சௌத்ரி சாஹிப் அனுப்பினாரு. தௌகீர் பாய் பேர்ல அறுத்துக் குர்பானி குடுக்கச் சொன்னாரு," என்றான் லாரிக்காரன்.

எங்கள் பஞ்சாபில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் ஒரு சௌத்ரியின் மேல்தான் விழும். நிலம் வைத்திருப்பவன் சௌத்ரி, வைத்திருந்து விற்றுத் தின்றவனும் சௌத்ரி. ஆனால் எந்தச் சௌத்ரி என்று வாய்விட்டுக் கேட்க முடியாது. இவ்வளவு பெரிய மனுஷரை உனக்குத் தெரியாதா என்று ஆகிவிடும். ரஷீதா பீபியும் கேட்கவில்லை. மூத்த மகன் தௌகீர் நாட்டுக்காகக் கிரிக்கெட் ஆடுகிறவன், அவனுக்குப் பழக்கமான சௌத்ரிகள் எத்தனையோ பேர் இருப்பார்கள். துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, காளையின் நெற்றியைத் தடவி "மாஷா அல்லாஹ்" என்றாள். லாரியில் வந்த இன்னொருவன் அதைக் கேமராவில் படம் பிடித்தான். இளைய மகன் முஸம்மில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அவனையும் படம் பிடித்தான்.

தௌகீர் மறுநாள் மதியம்தான் லாகூரிலிருந்து வந்து சேர்ந்தான். பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் அங்கே டெஸ்ட் ஆட்டம். தொழுகை முடிந்ததும் பயிற்சி முகாமிலிருந்து ஒரு நாள் விடுப்பு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவன் வருவதற்குள் காளையின் கதை முடிந்துவிட்டது. ஒரு பங்கு வீட்டுக்கு, ஒரு பங்கு சொந்தபந்தத்துக்கு, ஒரு பங்கு இல்லாதவர்களுக்கு. தெருவில் எந்த அடுப்பை எட்டிப் பார்த்தாலும் அந்தக் காளைதான் கொதித்துக்கொண்டிருந்தது.

"மொதல்ல ஈரலைச் சாப்பிடு, சூடா இருக்கு," என்று தட்டை நீட்டினாள் ரஷீதா பீபி. "உன் சௌத்ரி சாஹிபுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு! கசாப்புக்காரனே மிரண்டுட்டான். நாலு பேர் சேந்து சாய்ச்சாங்க."

தௌகீர் இரண்டு துண்டு வாயில் போட்டுக்கொண்டுதான் அம்மாவிடம் கேட்டான். "எந்தச் சௌத்ரி அம்மி?"

"என்னைக் கேக்கறியா? உன் சிநேகிதர்னுல்ல சொன்னாங்க."

ரைஸ் மில் சௌத்ரியாக இருக்கும் என்று அவன் நினைத்தான். நினைத்ததில் நியாயம் உண்டு. டென்னிஸ் பந்தில் டேப் சுற்றி, அந்த மில்லின் நெல் காயப்போடும் களத்தில்தான் அவன் பந்து வீசப் பழகினான். சிமெண்ட் தரையில் விழுந்து சறுக்கிக்கொண்டு வரும் அந்த இடக்கைப் பந்துக்கு முன்னால் வளர்ந்த ஆட்களே காலைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். குஜ்ரான்வாலாவில் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மில் சௌத்ரிக் கிழவர்தான் தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்த்தி அழைத்துப்போனார். இருபது வயதில் முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து விக்கெட். மூன்று வருஷம் ஊர் அவனைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. அப்புறம் முதுகெலும்பில் விரிசல். இரண்டு வருஷம் பலகையில் படுத்துக் கூரையைப் பார்த்தான். எழுந்து, சின்ன ஊர் அணிகளில் ஆடி, உயிரைக் கொடுத்து உழைத்து, இப்போதுதான் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். இது போனால் இன்னொன்று வராது. அவனுக்கும் தெரியும், அவன் முதுகுக்கும் தெரியும்.

நன்றி சொல்லக் கிழவருக்குப் போன் போட்டான்.

"மாடா?" என்றார் மில் சௌத்ரி. "எனக்கே இந்த வருஷம் ஆடுதான்டா. அரிசி விக்கற விலைக்கு உனக்கு மாடு வேற அனுப்புவேனா? பெருநாளும் அதுவுமா கெழவனைக் கிண்டல் பண்ணாதே."

தௌகீர் சிரித்துச் சமாளித்துவிட்டுப் போனை வைத்தான். ஈரல் தட்டைத் தள்ளி வைத்தான்.

அன்று சாயங்காலம் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு வாங்கு சொன்ன கொஞ்ச நேரத்தில் அவன் போன் அடித்தது. எண் தெரியவில்லை. குரல் தேன் போல இருந்தது.

"தௌகீர் பாய், பெருநாள் வாழ்த்து. ஈரல் பூப்போல இருந்துச்சா? நம்ம பண்ணையில பாதாம் போட்டு வளத்த மாடு."

"நீங்க யாரு?"

"சௌத்ரி சாஹிபோட ஆளு. அம்மி நல்லா இருக்காங்களா? மாட்டைத் தடவிக் குடுத்தாங்களே, அந்தப் படம் அற்புதமா வந்திருக்கு. தம்பி படமும்தான், சினிமா ஹீரோ மாதிரி."

தௌகீர் எழுந்து மாடிக்குப் போனான்.

"ஒண்ணும் பெரிசில்ல," என்றது குரல். "லாகூர்ல உன் மூணாவது ஓவர், கடைசிப் பந்து. கால் கோட்டைத் தாண்டணும். ஒரே ஒரு நோ பால். யாருக்கும் நஷ்டமில்ல."

"நான் அந்த மாதிரி ஆள் இல்ல. உங்க மாட்டுக்கு என்ன விலையோ..."

"சீச்சீ, குர்பானி மாட்டுக்கு விலை பேசலாமா? தெருவே தின்னாச்சு. திருப்பித் தர்றதுன்னா எங்கேருந்து தருவே? எந்த வயித்துலேருந்து?" மெல்லிய சிரிப்பு. "மூணாவது ஓவர். கடைசிப் பந்து."

மாடியிலிருந்து கீழே பார்த்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் பாத்திரத்தோடு வந்து அம்மியை வாழ்த்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் பெயரில் அறுத்தது. அவன் பெயரில் பங்கு வைத்தது. அல்லாஹ்வுக்குக் கொடுத்த பொருளில் சூதாட்டக்காரன் கை பட்டிருக்கிறது என்பதை அம்மியிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லாமலே லாகூருக்குக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் லாகூர் ஹோட்டலில் கர்னல் தில்தாரைப் பார்த்ததும் தௌகீர் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். வீரர்களைச் சூதாட்டக்காரர்கள் நெருங்காமல் பார்த்துக்கொள்ள கிரிக்கெட் வாரியம் வைத்திருந்த அதிகாரி அவர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முகாமின் முதல் நாளே சொல்லியிருந்தார்: "தெரியாதவன் ஒரு பேனா குடுத்தாலும் அன்னிக்கே எங்கிட்ட சொல்லணும். மறுநாள் சொன்னா அதுவே குத்தம்." பேனாவுக்கே அப்படியென்றால் காளைக்கு?

கர்னலின் அறை நான்காவது மாடியில். தௌகீர் அங்கே போனான். கதவுக்கு முன்னால் நின்றான். போன வருஷம் இப்படித்தான் ஒரு சுழற்பந்து வீச்சாளன் தானாகப் போய் உண்மையைச் சொன்னான். விசாரணை முடியும்வரை ஆட வேண்டாம் என்றார்கள். விசாரணை முடிந்தது, அவன்மேல் குற்றமில்லை என்றும் சொன்னார்கள். அப்புறம் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. இப்போது சைக்கிள் கடை வைத்திருக்கிறானாம். தௌகீர் தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினான்.

கீழே கூடத்தில் தேநீர் கொண்டுவந்தவன் ஏன் அப்படிச் சிரித்தான்? லிப்டில் கூட வந்த தடித்த ஆள் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை? ஆட்டோகிராப் கேட்டவன் "மூணாவது பக்கத்துல போடுங்க" என்றபோது தௌகீருக்குப் பேனா கை நழுவியது. பாவம், அவன் ஏதோ பள்ளிக்கூட வாத்தியார். பயந்தவனுக்கு ஊரே சௌத்ரி.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். யாரிடமும் சொல்லப்போவதில்லை, நோ பாலும் போடப்போவதில்லை. கோட்டுக்கு ஒரு முழம் பின்னாலேயே காலை ஊன்றிவிட்டால் எவன் என்ன செய்ய முடியும்? ஆட்டம் முடிந்ததும் அம்மியிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஆட்ட நாளன்று பனிமூட்டம் விலகவே நேரமாயிற்று. நம்மவர்கள்தான் முதலில் பந்து வீசினார்கள். உடை மாற்றும் அறையில் எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். அதில் அவனுக்கு ஒரு நிம்மதி. கேப்டன் மெஹ்தாப் புதுப் பந்தை அவன் கையில் வைத்து, "அஞ்சு வருஷ பாக்கியெல்லாம் இன்னிக்கு வசூல் பண்ணு ராஜா," என்றான்.

ஓடத் தொடங்கியதும் மற்றதெல்லாம் மறைந்து அந்த வெள்ளைக் கோடு மட்டும் கண்ணில் நின்றது. பந்து வீசுகிறவன் பார்க்க வேண்டியது எதிரே இருக்கும் ஸ்டம்பை. இவன் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டே ஓடினான். ஓட்டம் தட்டுக்கெட்டது. பந்து பாதி வேகத்தில் தொப்பென்று போய் விழுந்தது. மட்டையாளன் நம்பாதவன் போல ஒரு கணம் பார்த்துவிட்டு எல்லைக்கு அனுப்பினான். அடுத்ததும் அப்படியே.

"தௌகீர்!" என்று மெஹ்தாப் கத்தினான். "பந்தைக் காமோகேயிலேருந்தா போடறே? கோடு இங்க இருக்குப்பா!"

இரண்டாவது ஓவர் முதல் ஓவரை விட மோசம். பார்வையாளர்கள் ஆரஞ்சுத் தோலை வீச ஆரம்பித்தார்கள். "யோவ், முதுகைத் தைக்கக் குடுத்தப்போ கையையும் சேத்துத் தைச்சுட்டாங்களா?" என்றது ஒரு குரல். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. மூன்றாவது ஓவர். ஐந்து பந்து முடிந்தது. உள்ளங்கை வியர்வையைக் கால்சட்டையில் துடைத்தான். தெரிந்த துஆவையெல்லாம் முணுமுணுத்தபடி ஓடினான். கால் கோட்டுக்கு ஒரு முழத்துக்கும் மேலே பின்னால் விழுந்தது. மட்டையாளன் அடித்த பந்து தௌகீரின் தலைக்கு மேல் பறந்து எல்லைக்கு வெளியே போய் விழுந்தது, ஆறு ரன். நடுவர் நோ பால் என்று சொல்லவில்லை.

நிம்மதியில் தௌகீருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மெஹ்தாப் பந்தைப் பிடுங்கிக்கொண்டு, "போ, தூரப் போய் நில்லு, என் கண்ணுல படாதே," என்றபோதுகூட வருத்தமில்லை. எல்லைக் கோட்டருகே நின்றான். மூன்று நாளில் முதல் தடவையாகப் பசித்தது. மதியச் சாப்பாட்டில் இரண்டு தட்டுப் பிரியாணி சாப்பிட்டான். அன்று அவனுக்கு மறுபடி பந்து தரவில்லை. நாளைக்குத் தருவார்கள், நாளைக்குக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

ஹோட்டலுக்கு வந்து போனைத் திறந்ததும் அடித்தது.

"தௌகீர் பாய்! சௌத்ரி சாஹிப் ரொம்ப சந்தோஷமா இருக்காரு."

"நான் நோ பால் போடலை," என்றான். குரலில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. "உங்க காரியம் நடக்கலை."

"நோ பாலா? அதுமேல யாரு பந்தயம் கட்டுவா, பைத்தியக்காரா? தௌகீரோட மொத மூணு ஓவர்ல அடி பின்னிடுவாங்கன்னுதான் கட்டினோம். உன் பந்து நல்லா விழுந்திருந்தா நாங்கதான் தொலைஞ்சோம். நீ நேர்மையான பையன், கோட்டைப் பாத்துக்கிட்டே ஓடுவேன்னு சௌத்ரி சாஹிப் அப்பவே சொன்னாரு." தேன் குரல் இன்னும் குழைந்தது. "அடுத்த ஆட்டத்துக்கு முன்னாடி பேசறேன். அம்மிக்கு சலாம் சொல்லு."

தௌகீர் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தான். இனி அவர்கள் எதையும் கேட்கக்கூட வேண்டாம். அவனைப் பயமுறுத்தினால் போதும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அந்தக் குரல் வரும், இவன் காலைப் பார்த்துக்கொண்டே ஓடுவான். எழுந்து நான்காவது மாடிக்குப் போனான். இந்தத் தடவை கதவைத் தட்டிவிட்டான்.

கர்னல் தில்தார் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்போ ஏன் அப்படிப் போட்டே?"

"பயத்துல சார்."

"பயம்னா எனக்குத் தெரியும், நான் எல்லையில இருந்தவன். ஆனா விசாரணைன்னு உக்கார்றவங்க எல்லைக்குப் போனதில்ல. அவங்க என்ன பாப்பாங்க? மாடு வந்துச்சு, வாங்கினீங்க, தின்னீங்க. போன் வந்துச்சு, நீ வாயைத் தொறக்கலை. அப்புறம் அவங்களுக்கு வேணுங்கற மாதிரியே மூணு ஓவர் போட்டே. இதையெல்லாம் வச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது?" அவர் குரலில் கோபத்தை விட அலுப்புதான் அதிகம் இருந்தது. "வேணும்னு போடலை, பயந்துதான் போட்டேன்னு உனக்காகச் சாட்சி சொல்ல ஒருத்தராவது இருக்காங்களா?"

தௌகீர் யோசித்துப் பார்த்தான். அம்மிக்கு எதுவும் தெரியாது. முஸம்மிலுக்கும் தெரியாது. மெஹ்தாப் பார்த்தது கேவலமான மூன்று ஓவர்களை மட்டும்தான்.

"ஒருத்தன் இருக்கான் சார்," என்றான். "எனக்குப் போன் பண்ணினானே, அவன்."