எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

"காலிப்பர் எங்கே?" என்று கேட்டார் வேலூரிலிருந்து வந்திருந்த அதிகாரி கோபால்சாமி.

அம்சவல்லி சற்று முன்தான் வலது முழங்காலில் கையை ஊன்றி, பாதி குனிந்து, பள்ளிக்கூட அறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். சூம்பிப்போன அந்தக் கால் பாவாடைக்குள் மடங்கிக் கிடந்தது. தொடையிலிருந்து கணுக்கால்வரை இரும்புக் கம்பி, தோல் வார், அடியில் பூட்ஸ் என்று அவள் அளவுக்கே செய்து கொடுத்த காலிப்பர் அவள் காலில் இல்லை.

"ரெண்டு வருஷம் முன்னாடி கவர்மெண்ட் கொடுத்திருக்கு. எங்கேம்மா அது?"

"கீதுங்க சார். எல்லைக்கல்லாண்ட, புளியமரத்துல."

கோபால்சாமி என்னைப் பார்த்தார். 'இதுக்குத்தான் என்னை மலையேற வெச்சியா?' என்று கேட்கிற பார்வை.

அவர் கேட்டாலும் தப்பில்லை. வரவழைத்தவள் நான்தான். கண்ணமங்கலத்தில் ஊனமுற்றோர் சங்கம் நடத்துகிறோம். சங்கம் என்றதும் கட்டடத்தைத் தேடாதீர்கள், சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு அறை. அதில் எனக்கு ஒதுக்கிய வேலை சண்டை போடுவது. எனக்கும் இடது காலில் போலியோ, நானும் காலிப்பர் கட்டியவள். 'மணியம்மாளுக்கு வாய் நீளம்' என்று வீட்டில் வாங்கிய திட்டெல்லாம் ஆபீஸ் ஆபீஸாக ஏறும்போது உதவிக்கு வந்தது. அரசுத் தொழிற்பயிற்சிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு மலைக்காரர்கள் எல்லாரும் வேலூருக்கு வந்தாக வேண்டும் என்றார்கள். ஜீப் கிடைக்காதவள் எப்படி வருவாள், நீங்கள் வாருங்கள் என்று மனுமேல் மனுவாகப் போட்டேன். 1983இல், ஒருவழியாக, வந்துவிட்டார்கள். புதூர்நாட்டில் ஒரு நாள், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் இந்த ஈச்சங்கொல்லையில் அரை நாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்சவல்லியை நான் புதூர்நாட்டில்தான் பார்த்துப் பழக்கம். அங்கே ஒரு தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். எப்போது பார்த்தாலும் காலிப்பரோடு நிமிர்ந்து நிற்பாள். அவள் ஊருக்கு நான் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"இன்னாடி இது, ஏன் அவுத்து வெச்ச?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"உள்ள தோல் ஆவாதுக்கா. ஆத்தா மண்ணு. கல்லாண்டயே அவுத்துடணும்."

வாசலில் நின்றிருந்த அவள் அப்பா வேடியப்பன் தலையை ஆட்டினார். செருப்பு அறியாத கால், தோளில் துண்டு. "ஊர்ல பொறந்தவங்களுக்கு அதாங்க கட்டு. அரைஞாண்ல கூட தோல் இருக்கப்படாது. மாடு செத்தாக்கூட தோல உரிக்க வெளியாளுதான் வரணும்."

"என் கால்லயும் தோல்தான் இருக்கு. காலையிலருந்து உள்ள சுத்தறேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியே?"

"நீ வெளியாளு தாயி. உன்ன கேக்கமாட்டா. கெவுருமெண்டு பூட்ஸயும் கேக்கமாட்டா. எங்கள கேப்பா."

கோபால்சாமி ஃபைலை மூடினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"மணியம்மா, விதி உங்களுக்கே தெரியும். கொடுத்த உபகரணத்தை உபயோகிக்காதவங்களுக்கு பயிற்சியில இடம் கிடையாது. ஒரு இடத்துக்கு எவ்வளவு பேர் காத்திருக்காங்க! கல்லாண்ட தொங்கவிட்டிருக்கிறவளுக்கு நான் எப்படி எழுதறது?"

"புதூர்நாட்டுல தினம் போட்டுனு நடக்கறா சார். நான் பாத்திருக்கேன்."

"நீங்க அவளுக்காகப் பேசத்தானே வந்திருக்கீங்க. வேற என்ன சொல்வீங்க?"

அவருடன் வந்திருந்த டாக்டரம்மா காலை அளந்து சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் இடம் கொடுப்பது கோபால்சாமி கையில். அந்த வருடம் விட்டால் அம்சவல்லிக்கு வயது தாண்டிவிடும். அப்புறம் நான் எந்த ஆபீஸ் வாசலில் கிடந்தாலும் நடக்காது. ஆயுசுக்கும் காஜாதான். மெஷினில் உட்கார அந்தக் கடைக்காரன் அவளை விடவே மாட்டான். 'நொண்டி மிதிச்சா தையல் கோணும்' என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறான்.

"நான் போய் எடுத்தாறேன் சார். நான் வெளியாளுதானே."

"எடுத்து வந்து? போட்டு நடக்கணும். நான் பார்க்கணும்."

அம்சவல்லி பக்கம் திரும்பினேன். எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. "இந்த ஒரு வாட்டி போட்டுக்கோடி. பத்து எட்டு நட. உங்க ஆத்தா கண்ண மூடிக்குவா."

அவள் அப்பாவைப் பார்த்தாள். வேடியப்பன் குரலை உயர்த்தவில்லை. "போட்டுனு உள்ள வந்தா, நாளைக்கு எங்க வூட்டு பானைய பொங்கலுக்கு வெக்க வுடமாட்டாங்க. இவளுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு பொண்ணு கீது எனக்கு."

"அப்ப நீங்க வாங்க சார்!" என்றேன் கோபால்சாமியிடம். "கல்லுக்கு வெளிய நடந்து காட்டட்டும். நீங்க போற வழிதானே?"

டிரைவர் குறுக்கே விழுந்தார். "அந்த எறக்கத்துல நிறுத்தவே முடியாதும்மா. தூறல் போட ஆரம்பிச்சிருக்கு. அந்த செம்மண்ணுல பிரேக் போட்டா வண்டி எங்க போவும்னு எனக்கே தெரியாது. இப்பவே கெளம்பலன்னா ராத்திரி இங்கதான்."

அவ்வளவுதான், எல்லாரும் எழுந்தார்கள். நான் விடாமல் பேசினேன். விதியின் வாசகம் பேசினேன், மனிதாபிமானம் பேசினேன், மேலே எழுதுவேன் என்று மிரட்டவும் செய்தேன். கோபால்சாமி கெட்டவர் இல்லை. ஆனால் களைத்துப் போனவர். "அடுத்த தடவை இந்த ஜனங்களுக்கு முதல்லயே சொல்லி வைங்க," என்றார். அடுத்த தடவை என்று ஒன்று அவளுக்கு இல்லை என்பதை எத்தனை முறை சொல்வது?

திரும்பிப் பார்த்தால் அம்சவல்லியைக் காணோம். வேடியப்பனும் இல்லை. அழ எங்கேயாவது ஒதுங்கியிருப்பாள் என்று நினைத்தேன். கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. எனக்குக் கீழே போக வேறு வண்டியும் கிடையாது. தோற்றவள் எதிராளியின் வண்டியிலேயே ஏறிப் போவதைப் போல அவமானம் உண்டா? ஏறி உட்கார்ந்தேன்.

ஜீப் ஊரைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. மழை இப்போது நன்றாகவே பிடித்துவிட்டது. சேறு சக்கரத்தை அதன் இஷ்டத்துக்கு இழுத்தது. டிரைவர் வாயில் சாமி பேர் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா முன் கம்பியைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன.

கடைசி வளைவு திரும்பியதும் எல்லைக்கல் தெரிந்தது. கல்லைத் தாண்டி, பாதையின் நட்டநடுவில், அம்சவல்லி நின்றிருந்தாள்.

"ஏய்! ஒதுங்கு!" டிரைவர் ஹாரனை அழுத்தினார். பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை, பின்பக்கம் ஒரு பக்கமாக வழுக்கியது.

அவள் அசையவில்லை. அசைய முடியாது என்று அந்த வண்டியில் எனக்கு மட்டும்தான் தெரியும். காலிப்பரின் முட்டிப் பூட்டை மாட்டிவிட்டால் கால் மடங்காது. காலைத் தூக்கி வீசி வீசித்தான் நடக்கலாம், துள்ளி ஒதுங்க வழியே இல்லை. அது தெரிந்துதான் நிற்கிறாள். "அடிப்பாவி!" என்று அலறினேன்.

ஜீப் கல்லை உரசி, குறுக்கே திரும்பி நின்றது. பம்பருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஆள் நுழையலாம், அவ்வளவுதான் இடம்.

கோபால்சாமி குதித்து இறங்கினார். "பைத்தியமா உனக்கு? செத்திருப்ப!"

"வாங்கன்னு கூப்ட்டா வரமாட்டேன்னீங்களே சார்." அவள் உள்ளங்கை இரண்டிலும் ரத்தம், பாவாடை முழுக்கச் சேறு. சாமைக்கொல்லை வழியாகக் குறுக்குப் பாதையில், பாதித் தூரம் உட்கார்ந்தே வழுக்கி வந்திருக்கிறாள்.

கல்லைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி பூட்ஸின் அடியைக் காட்டினாள். அசல் அடித்தோலே அதில் இல்லை. தேய்ந்து போய், மேலே டயர் வைத்துத் தைத்து, அந்த டயரும் குதிகால் பக்கம் கரைந்திருந்தது.

"எங்க நடந்து இவ்வளவு தேஞ்சுது?"

"இங்கருந்து புதூர்நாட்டுக்குங்க. போவ வர."

அவர் பாதையை மேலும் கீழும் பார்த்தார். மழை அவர் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. "நட," என்றார்.

நடந்தாள். நாலாவது எட்டில் கால் வழுக்கி அப்படியே மல்லாந்து விழுந்தாள். நான் பாய்ந்து இறங்கப் போனேன், டாக்டரம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். கோபால்சாமியும் கையை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டார். அவள் புரண்டு குப்புறத் திரும்பி, இரண்டு கையையும் சேற்றில் ஊன்றி, இரும்புக் காலைப் பக்கவாட்டில் இழுத்து, எழுந்தாள். பிறகு வளைவுவரை போய்த் திரும்பி வந்தாள்.

கோபால்சாமி ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார். டாக்டரம்மா குடை பிடிக்க, ஜீப்பின் சீட்டில் வைத்து எழுதினார். "ஜூலையில வேலூர்ல சேரணும். தையல் பிரிவு. ஏதாவது கேக்கணுமா?"

சம்பளம் கேட்பாள், சாப்பாடு கேட்பாள் என்று நினைத்தேன்.

"அந்த ஆஸ்டலுக்குள்ள... இத போட்டுனே இருக்கலாமுங்களா சார்?"

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ரெண்டு வருடமாக அவள் கடைத்தெருவில் நிமிர்ந்து நின்றாள், சொந்த வீட்டில் குனிந்து நடந்தாள்.

"தூங்கறப்ப மட்டும் கழட்டினா போதும்மா," என்றார் டாக்டரம்மா.

கல்லுக்கு அந்தப் பக்கம், ஊர் எல்லைக்குள், வேடியப்பன் நின்றிருந்தார். மகளைத் தேடி ஓடிவந்தவர், எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவள் கேட்டதைக் கேட்டுவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஜீப்பை நேராக்க டிரைவர் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். அம்சவல்லி கல்லில் உட்கார்ந்து, எப்போதும்போல வார்களை அவிழ்க்கத் தொடங்கினாள். ஊருக்குள் போக வேண்டுமே.

"ஜூலைக்கு இன்னும் எவ்ளோ நாள்க்கா?"

"ரெண்டு மாசம்டி."

அவள் காலிப்பரைப் புளியங்கிளையில் மாட்டக் கையை உயர்த்தினாள். வேடியப்பன் கல்லைத் தாண்டி வெளியே வந்தார். தோள் துண்டை உருவிப் பிழிந்தார். செத்த மாட்டின் தோலைக்கூடத் தொடாத மனிதர், அவள் கையிலிருந்த காலிப்பரை வாங்கி, வாரும் பூட்ஸும் மறைய துண்டைச் சுற்றிக் கட்டினார்.

"மழையில வெக்காத," என்றார். "தோல் வெறைச்சிடும்."

பிறகு மகளைத் தூக்கி முதுகில் சுமந்துகொண்டு ஊருக்குள் நடந்தார். காலிப்பர் கல்லுக்கு இந்தப் பக்கம், அவர் செருகி வைத்த பாறையிடுக்கில், நனையாமல் இருந்தது.