எட்டங்குல ஃப்ளாப்பியில் ஒரு கடிதம்

அக்டோபர் பிறந்தால் போதும், அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்கள் அத்தனை பேரும் மாவட்டப் பொருட்காட்சிக் கொட்டகையில் கூடிவிடுவார்கள். வருஷத்துக்கு இரண்டே நாள். வெண்டெல் ஹாகன் இருபத்தாறு வருஷமாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை; மனைவியின் ஆபரேஷனையே ஒரு வாரம் தள்ளிவைத்த மகராசன். செத்த ஃப்ளாப்பியிலிருந்தும் எழுத்தை மீட்டுவிடுவார் என்று பேர். அந்தப் பேரை வைத்துக்கொண்டுதான் மனுஷன் மூச்சே விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் மார்லிஸ் என்ற அம்மாள் அவர் மேஜைக்கு வந்தாள். இரண்டு அட்டைகளுக்கு நடுவே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்பு ஃப்ளாப்பி வைத்திருந்தாள்.

"என் தம்பி டென்னிஸோடதுங்க. தானியக் கிடங்கு ஆபீஸ்ல வேலை பாத்தான். எண்பத்தொண்ணுல அம்மாவோட சண்டை போட்டுட்டு ஆறு மாசம் பேசவே இல்ல. ஒரு நாள் எனக்குப் போன் பண்ணி, 'அம்மாவுக்கு லெட்டர் அடிச்சு வச்சிருக்கேன், திங்கக்கிழமை பிரிண்ட் எடுத்துட்டு வரேன்'னான். ஞாயித்துக்கிழமை பனியில வண்டி சறுக்கிப் போயிட்டான்." அட்டைகளை மேஜைமேல் வைத்தாள். "அம்மாவுக்கு இப்ப தொண்ணூத்திமூணு. ரெண்டு வாரம் தாங்காதுன்னுட்டாங்க. அவன் கோவத்தோட போனானா, சமாதானமாப் போனானான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்ங்கறா."

பக்கத்து மேஜை டுவேன் எட்டிப் பார்த்தான். பெரிய ஃப்ளாப்பிகளோடு தினமும் மாரடிக்கிறவன் அந்தக் கொட்டகையிலேயே அவன் ஒருத்தன்தான்.

"வெண்டெல், அது பெருசுடா. நான் போய் ரெண்டு வாய் பொரிச்ச சீஸ் தின்னுட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் கையக் கட்டிக்கிட்டு இரு."

"போடா! உனக்கு மூக்கொழுகுன காலத்துலயே நான் ஃப்ளாப்பி படிச்சவன்."

டுவேன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். பத்து நிமிஷம் பொறுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? வெண்டெலுக்கோ கை குறுகுறுத்தது.

"பயப்படாதீங்க, தப்பித்தவறிக்கூட இதுல எதுவும் எழுத முடியாதபடி பூட்டிடறேன்," என்று சொல்லி, ஃப்ளாப்பியின் ஓரத்தில் இருந்த சின்ன வெட்டின்மேல் ஒரு வெள்ளி ஒட்டுத்தாளைப் பதமாக ஒட்டினார். டிரைவுக்குள் நுழைத்துத் தன் சோதனை நிரலை ஓடவிட்டார். அது முதலில் எழுதிப் பார்க்கும். பூட்டியிருந்தால் முடியாதென்று சொல்லிவிட்டு, படிக்க மட்டும் செய்யும். ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பிகளில் ஆயிரம் தடவை செய்த வேலை.

முடியாதென்ற செய்தி வரவில்லை. டிரைவ் கடகடவென்று ஓடியது. திரையில் எண்கள் ஏறிக்கொண்டே போயின.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சின்ன ஃப்ளாப்பியில் வெட்டை மூடினால் பூட்டு. எட்டங்குலத்தில் அப்படியே தலைகீழ், மூடினால்தான் எழுதும். நாற்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்ததைத் தன் கையாலேயே திறந்துவிட்டிருந்தார். நிறுத்துவதற்குள் கடைசித் தடம்வரை வெற்று எழுத்தாக நிரம்பிவிட்டது. கடுதாசியும் இல்லை, காற்புள்ளியும் இல்லை.

"வந்துருச்சா?" என்றாள் மார்லிஸ், திரையைப் பார்த்து.

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒப்புக்கொண்டிருக்கலாம். காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் எதிர்வரிசையில் நாலு பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃப்ளாப்பியை வெளியே எடுக்கிற சாக்கில் ஒட்டுத்தாளை உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், பாவி.

"ஒண்ணுமே இல்லீங்க. எப்பவோ அழிஞ்சு போயிருக்கு."

"எப்படி அழியும்?"

"வயசாயிடுச்சில்ல. சூடு பட்டிருந்தாலும் போயிடும்."

மார்லிஸின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "பரண்ல போட்டு வச்சிருந்தேன். கோடையில அடுப்பு மாதிரி கொதிக்கும். கீழ எடுத்து வையிடின்னு அம்மா வருஷா வருஷம் கத்துவா. நான்தான் காதுல வாங்கல." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அதனாலதான் போச்சா? நெசத்தச் சொல்லுங்க."

தூரத்தில் டுவேன் கையில் காகிதத் தட்டோடு வந்துகொண்டிருந்தான்.

"இருக்கலாம்," என்றார் வெண்டெல். "பரண் சூடு பொல்லாதது."

அவள் தலையாட்டினாள். அட்டைகளுக்கு நடுவே ஃப்ளாப்பியைத் திரும்ப வைத்தாள், அவருக்கு நன்றிகூடச் சொன்னாள். இரண்டடி தள்ளிப் போய் நின்று போனை எடுத்தாள்.

"நர்ஸம்மா, போனை அம்மா காதுல வையுங்க," என்றாள். "அம்மா... மார்லிஸ் பேசறேன். தம்பி லெட்டரு இல்லம்மா. நான்தாம்மா அழிச்சிட்டேன்."